முட்டி போட இடம்

எங்கள் கோயிலில் முட்டி போட இடமில்லை. கெட்டுப்போனது இதுதான். ஊருக்குள் நுழைகிற பஸ்காரனுக்கு முதலில் தெரிவது எங்கள் கோபுரத்துச் சிலுவை. உள்ளே ஏசி. தரை முழுக்கக் கறுப்புக் கிரானைட், குனிந்து தலை வாரிக்கொள்ளலாம். சினிமாக் கொட்டகைக்குச் செய்கிறவனிடமே சொல்லிச் செய்த மெத்தை நாற்காலி, ஆள் எழுந்தால் தானாக மடங்கி டப்பென்று அடிக்கும். நன்கொடை கொடுத்த எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு பேர்த்தகடு வேண்டும் என்று வரிசைக்கு வரிசை நெருக்கி, போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். முன்னால் இருக்கிற நாற்காலியின் முதுகு என் முழங்காலில் இடிக்கிறது. இதில் எதை மடக்கி எங்கே வைப்பது. நாற்காலி வந்த அன்று கமிட்டி மொத்தமும் வந்து உட்கார்ந்து பார்த்ததாம். சாய்ந்து பார்த்ததாம். தண்ணீர் பாட்டில் வைக்கிற வளையம் சரியாக இருக்கிறதா என்று பாட்டிலை வைத்துப் பார்த்ததாம். ஒருத்தன் முட்டி போட்டுப் பார்க்கவில்லை. செருப்பு வாங்கினால் கடைக்குள்ளேயே நடந்து பார்க்கிற பயல்கள். கோயிலுக்கு வாங்கும்போது கோயிலில் செய்கிறதைச் செய்து பார்க்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும், செய்தால்தானே. கமிட்டிச் செயலாளர் யார் என்றால் என் மகன். கிங்ஸ்லி. அதோ, பிரசங்க பீடத்துப் படிக்குக் கீழே நிற்கிறான், இந்த வெயில் காலத்தில் கோட்டு, காதில் ஒரு கறுப்புக் குமிழ், கல்யாண மண்டபத்து மேனேஜர் மாதிரி. வயசானவங்களுக்கு முதுகு வலிக்குதுன்னாங்கப்பா, அதான், என்றான் அன்றைக்கு. எந்த வயசானவன் சொன்னான். நான்தான் வயசானவன். எனக்கு முதுகு வலிக்கவில்லை. வயிறு எரிகிறது.

இன்றைக்கு எழுப்புதல் ஞாயிறாம். மதில் முழுக்கப் பேனர். மெட்ராஸிலிருந்து பிரசங்கியார் வந்திருக்கிறார், கழுத்து தெரியாத சதை, நல்ல குரல், அதைச் சொல்ல வேண்டும். ஆரம்பித்து வெகு நேரம் ஆகிவிட்டது. பிரியமானவர்களே, உங்கள் சபையைப் பார்த்தேன், என் கண் நிறைந்துவிட்டது, என்கிறார். உன் கண் நிறையவா எழுப்புதல். தூங்குகிறவனை எழுப்ப வந்தவன் போர்வை நன்றாயிருக்கிறது என்கிறான். எங்கள் சபைப் போதகர், ஐயர், ஆரம்ப ஜெபத்தில் சபைக்கு ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கிறீரே என்று ஸ்தோத்திரம் சொன்னார். ஜெனரேட்டருக்கு ஒரு ஸ்தோத்திரம். புதிய திரைக்கு ஒன்று. கேட்க ஒன்றுமில்லை, எல்லாம் இருக்கிறது, அனுப்பிவைத்தவருக்கு நன்றி, அவ்வளவுதான். ஏசிக் காற்று நேராக என் உச்சந்தலையில் இறங்குகிறது. ஜிப்பாப் பையில் ஸ்பேனர் ஜில்லிட்டுத் தொடையைத் தொடுகிறது. ஆமாம், ஸ்பேனர். பம்ப்செட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு அது ஒன்றும் அதிசயமில்லை, ஆனால் ஆராதனைக்கு இதுவரை கொண்டுவந்ததில்லை. போன வாரம் பாட்டுப் புத்தகம் கீழே விழுந்து எடுக்கக் குனிந்தபோது பார்த்துவிட்டேன், பதினேழாம் நம்பர் நட்டு. ஒரு நாற்காலிக்கு நாலு. வீட்டில் பழைய பெட்டியைத் திறந்து எடுத்து வைத்துக்கொண்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது. பையில் இருந்தால் தெம்பாக இருக்கிறது. பின்வரிசையிலிருந்து நவமணி முன்னால் சாய்ந்து என் காதுக்குள் மூச்சு விடுகிறான், காப்பி நாற்றம். என்ன வே இஸ்ரவேலு, இண்டர்வெல் எப்போ விடுவான்? வாயை மூடும். படம் ரொம்ப நீளம்வே, கோழி வெந்து குழைஞ்சிரும். உண்மைதான், பின்கட்டிலிருந்து பிரியாணி வாசம் ஏசியோடு சேர்ந்து வருகிறது. கூட்டம் முடிந்ததும் விருந்து. ஜனம் அதற்குத்தான் இப்படி அசையாமல் இருக்கிறது, எழுப்புதலுக்கா. கோபம் வருகிறது. கோபத்தோடு பசியும் வருகிறது. அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது.

என் இடப்பக்கம் நடைபாதை ஓரத்து நாற்காலி. மூன்றாம் தூணை ஒட்டியது. பித்தளைத் தகடு, திருமதி செல்லக்கனி இஸ்ரவேல் நினைவாக, குடும்பத்தார். குடும்பத்தார் என்றால் யார். என்னைக் கேட்டார்களா. அதில் நான் உட்கார்வதில்லை. உட்காரவும் மாட்டேன். வலப்பக்கம் கிங்ஸ்லி பெண்டாட்டி. கடற்கரைக்காரி. வந்ததும் வராததுமாக என் மடிக்கு மேலே கையை நீட்டி அந்த நாற்காலியை அமுக்கி, தன் தோள்பையைத் தூக்கி அதில் வைத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் இதே. செத்துப்போன என் பெண்டாட்டி பேர் எழுதிய இடம் இவளுக்குப் பை வைக்கிற பலகை. ஏம்மா, மடியில வச்சிக்கிட்டா என்ன? கேட்டேன், முதல் ஞாயிறே. இருக்கட்டும் மாமா, என்றாள், அவ்வளவுதான், அந்தப் பேச்சு அதோடு நின்றது. நானும் அவளோடு பேசுகிற ஆள் இல்லை. இந்தாம்மா, ஏம்மா, காப்பி, கதவைச் சாத்து, இவ்வளவுதான் எங்களுக்குள் தமிழ். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டது கிடையாது. ரோமைக்காரி, மாதா கோயில் பெண், இவன் எங்கேயோ வேலை பார்த்த இடத்தில் பிடித்துக்கொண்டு வந்தான். எங்கள் ஐயர் திடப்படுத்தல் கொடுத்துச் சபையில் சேர்த்தார். சேர்த்தால் ஆயிற்றா. இன்னமும் ஆமென் சொன்னதும் கை தானாகச் சிலுவை போட நெற்றிக்குப் போய்விடும், பாதியில் நிறுத்தித் தலைமுடியை ஒதுக்குகிற மாதிரி பண்ணுவாள். நான் பார்க்காமலா இருக்கிறேன். செல்லக்கனிதான் அவளுக்குப் பரிந்துகொண்டு வருவாள். கையில என்ன இருக்கு, விடுங்களேன். அவள் எல்லாவற்றுக்கும் விடுங்களேன்தான்.

இந்தக் கிரானைட்டுக்குக் கீழே சிவப்புச் சிமெண்டுத் தரை இருக்கிறது. உடைக்கவில்லை, மேலேயே ஒட்டிவிட்டார்கள். அந்தத் தரையில், மூன்றாம் தூண் பக்கத்தில், ஓலைப்பாயில் அவள் முட்டி போடுவாள். அப்போது பெண்களுக்குப் பாய், ஆண்களுக்குப் பெஞ்சு. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு போனால் போனதுதான், கூட்டம் கலைந்து வாசலில் ஆள் செருப்புத் தேடுகிற நேரம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். நான் வெளியே வேப்ப மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மணி அடித்துக் கூப்பிடலாமா என்று இருக்கும். வந்து பின்னால் ஏறி உட்காரும்போது முழங்காலில் பாயின் பின்னல் அப்படியே பதிந்திருக்கும், கட்டம் கட்டமாக, வீட்டுக்குப் போய்ச் சேலையை ஒதுக்கி எண்ணெய் தடவும்போது பார்த்திருக்கிறேன். அப்படி என்னதான் கேப்ப? பேர் சொல்லிக்கிட்டு இருந்தேன். எந்தப் பேர்? எல்லார் பேரும். யாருக்குன்னு பேர் சொல்லிக் கேக்கணும், பொத்தாம்பொதுவா கேக்கப்படாது. என் பேருமா? உங்க பேருதான் மொத. நான் முட்டி போட்டது குறைவு. பெஞ்சு நுனியில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடுவேன், முடிந்தது. எனக்கும் சேர்த்து அவள் போடுகிறாள் என்று ஒரு நிம்மதி. இப்போது யார் போடுகிறார்கள். அவள் போனபிறகு நான் ஜெபிக்கவில்லை. வாய் வரவில்லை. வருகிற மாதிரி இருக்கும், உடனே நாற்காலி ஞாபகம் வந்துவிடும், கிங்ஸ்லியின் கோட்டு, அந்தத் தோள்பை, கோபம் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும், தெய்வத்துக்குப் போகவேண்டியது மகனுக்குப் போய்விடும். முட்டி வைக்க இடம் இருந்தால் வருமோ என்னவோ. அவள் இடத்தில் வைத்தால். அந்த இடத்தில்தான் நாலு நட்டுப் போட்டு மூடி வைத்துப் பேரும் எழுதி வைத்திருக்கிறார்கள். குழியை மூடின மாதிரி. குழி. ஒரு முடிவோடுதான் வந்திருக்கிறேன். ஆராதனை முடிந்து ஐயர் வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுப்பார். அப்போது சொல்லிவிடுவது. ஐயரே, சபையிலிருந்து என் பேரை எடுத்துரும். ஒரே வரி. ஏன் என்று கேட்பார். முட்டி போட இடமில்லாத கோயிலில் எனக்கு என்ன வேலை. சொல்லிவிட்டு நடந்துவிடுவது. சொன்னால், பேர் இல்லாதவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, அது என் தாத்தா காலத்துச் சட்டம், யாருக்கும் மாற்ற மாட்டார்கள், மாற்றவும் கூடாது. செல்லக்கனி பக்கத்தில் எனக்கென்று ஒரு ஆள் அகலம் விட்டு வைத்திருக்கிறோம், நானே கயிறு பிடித்து அளந்தது. அதில் வேறு எவனாவது வந்து படுப்பான். நவமணி படுப்பான். செத்தும் அவள் காதில் இண்டர்வெல் எப்போ என்று கேட்பான். சிரிப்பு வருகிறது, வந்ததும் நின்றுவிடுகிறது. பயம்தான். இந்த வயதில் வேறென்ன. தனியாகக் கிடப்பது. எங்கேயோ முனிசிபாலிட்டிச் சுடுகாட்டு ஓரத்தில், பக்கத்தில் யார் என்றே தெரியாமல். சொல்லாமல் போய்விடலாமா. போனால் அடுத்த ஞாயிறும் இதே நாற்காலி, இதே முதுகு, இதே பை. சொல்லத்தான் வேண்டும்.

பிரசங்கியாரின் குரல் இறங்குகிறது. முடிக்கப்போகிறார். கீபோர்டுக்காரன் மெல்ல ஒரே கட்டையை அமுக்கிப் பிடிக்கிறான், இந்த இடத்தில் அழ வேண்டும் என்று அர்த்தம். பிரியமானவர்களே, எழுப்புதல் முழங்காலில் தொடங்குகிறது. இப்பொழுதே, தாழ்த்துவோம். ஒருவர்கூட மிஞ்ச வேண்டாம். எல்லாரும் முழங்கால்படியிடுவோம். ஆண்டவரே. நான் நிமிர்ந்து உட்கார்கிறேன். பாவம், மெட்ராஸ்காரருக்கு யாரும் சொல்லவில்லை. டப், டப், டப்டப், கோயில் முழுக்க நாற்காலி மடங்குகிறது, ஜனம் எழுந்து நிற்கிறது, எழுந்து என்ன செய்ய, திரும்பிப் பார்க்கிறது, குனிந்து பார்க்கிறது, முன்னால் இருக்கிறவன் முதுகில் மூக்கு இடிக்கிறது. பேங்க் மேனேஜர் ஞானமுத்து ஒரு காலை மடக்கி, மறு காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி நிற்கிறார். எங்கேயோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்துகிறாள். ஏ, காலை மிதிக்காதீரும்வே. எடம் இல்லைய்யா, எடம் இல்லை. பார், நன்றாகப் பார், இத்தனை நாளும் ஒருத்தனுக்கும் தெரியவில்லை, ஏனென்றால் இத்தனை நாளும் ஒருத்தனும் போடவில்லை. கிங்ஸ்லி காதுக் குமிழைப் பிடித்துக்கொண்டு மேலே பார்க்கிறான், கீழே பார்க்கிறான், முகம் வெளுத்துப்போயிருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. பிரசங்கியார் கண்ணைத் திறந்தார், பார்த்தார், கெட்டிக்காரர், உடனே, பரவாயில்லை, பரவாயில்லை, இருந்த இடத்திலேயே உட்காருங்கள், இருதயத்திலே முழங்கால் போடுங்கள், என்றார். அப்பாடா என்று ஜனம் உட்கார்ந்தது. அத்தனை மெத்தையும் ஒரே நேரத்தில் புஸ்ஸென்று மூச்சு விட்டது. இருதயத்துக்கு முட்டி இருக்கிறதாடா. கேட்டுவிடலாமா சத்தமாக. ஸ்பேனரைப் பையோடு சேர்த்துப் பிடித்தேன். இப்போது எழுந்தால் என்ன. எழுந்து குனிந்து முதல் நட்டில் வைத்தால் என்ன. குனிந்தால் எழுந்திருக்க முடியாது, அது தெரியும். வலது முட்டி போய் எத்தனையோ நாள் ஆயிற்று, கக்கூஸுக்கே சுவரைப் பிடித்துத்தான். இந்தக் கைக்கும் முறுக்கு இல்லை, காப்பித் தம்ளர் ஆடுகிறது. எல்லார் முன்னாலும் ஒரு கிழவன் நாற்காலிக் காலைக் கட்டிக்கொண்டு கிடப்பான். கிங்ஸ்லி நாலு பேரை அனுப்பித் தூக்கி வெளியே கொண்டுபோவான், அப்பாவுக்கு மனசு சரியில்லை என்பான். வேண்டாம். ஐயரிடம் சொல்லிவிட்டு நடப்போம். அதுதான் மரியாதை.

டப். ஒரே ஒரு டப். என் வலப்பக்கம். கிங்ஸ்லி பெண்டாட்டி எழுந்துவிட்டாள். இவளுக்கு என்ன இப்போ, கக்கூஸா. கொஞ்சம் காலை ஒதுக்குங்க மாமா. ஒதுக்க இடம் எங்கே இருக்கிறது, இருந்தாலும் ஒதுக்கினேன். பட்டுச்சேலை என் முழங்காலில் உரசிக்கொண்டு போயிற்று, பையை எடுத்தாள், என் மடியில் வைத்தாள், செல்லக்கனி நாற்காலி டப்பென்று மடங்கியது. நடைபாதைக்குப் போனவள் வாசல் பக்கம் திரும்பவில்லை. அப்படியே, மூன்றாம் தூணுக்குப் பக்கத்தில், கறுப்புக் கல்லில், முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு முட்டி போட்டாள். சட்டென்று போட்டாள். பழகின ஆள் போடுகிற மாதிரி. அந்த முந்தானை இழுப்பு. அது இவளுக்கு எங்கிருந்து வந்தது. நெற்றியைக் கொண்டுபோய் மடங்கின நாற்காலி மேல் வைத்தாள், தகடு மேல். பிரசங்கியார் மைக்கில் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறார். சுற்றி நாலு தலை திரும்பியது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் காய்ந்துதான் இருந்தது. மாமா, பையில இருக்கறத எடுங்க. எந்தப் பை. என் தோள்பை இல்ல, உங்க ஜிப்பாப் பை. காலையில பெட்டி தொறந்து கெடந்துச்சு. நான் எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியாது, கை தானாகப் போயிற்று. அவள் நேராக முதல் நட்டில் வைத்தாள். கல்லில் இரும்பு படுகிற சத்தம் அந்தக் கோயிலுக்குள் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நான் நினைத்ததில்லை. கீபோர்டு நின்றது. கிங்ஸ்லி ஓடி வருகிறான், கோட்டு பறக்க, பல்லுக்குள்ளேயே, என்ன பண்ற நீ, ஜெபம் நடக்குது, முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம். முடிஞ்சா எல்லாரும் பிரியாணிக்குப் போயிருவாங்க, என்றாள், திரும்பாமல். இது அத்தை எடம். வந்து அந்தப் பக்கம் பிடிங்க. பின்னால் நவமணி, ஏ சபாஷ், என்றது எனக்குக் கேட்டது. அவள் ஸ்பேனரைத் தப்பாகத் திருப்பிக்கொண்டிருந்தாள், இறுக்கிக்கொண்டிருந்தாள். இடது பக்கம், என்றேன். கோயிலில் அன்றைக்கு நான் சத்தமாகப் பேசின முதல் வார்த்தை. இடது பக்கம் திருப்பு, உடம்பைக் கொடுத்துத் திருப்பு. திருப்பினாள். கிரீச்சென்று நட்டு விட்டுக்கொடுத்தது. கிங்ஸ்லி சபையைத் திரும்பிப் பார்த்தான். சபை மொத்தமும் அவனைப் பார்க்கிறது. நின்றுகொண்டே அந்த நட்டை எட்ட முடியாது. கோட்டைக் கழற்றி எங்கேயோ வீசிவிட்டு மண்டியிட்டான், என் மகன், செயலாளர், கல்லில் முழங்காலை வைத்து மறுபக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தான். அவன் பிடரி எனக்கு நேர் கீழே. அங்கே ஒரு சின்ன மச்சம் உண்டு, அவன் அம்மாதான் முதலில் பார்த்துச் சொன்னாள். மறந்தே போயிருந்தேன்.

நாலு நட்டும் கழன்று, நாற்காலி பெயர்ந்து தூணோரம் போயிற்று. கல்லில் நாலு போல்ட்டு முனை துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் ஒரு இடம். ஒரு ஆள் அகலம். நான் எழுந்தேன். மடியில் இருந்த பை விழுந்தது, உருண்டது, விழட்டும். நவமணி பின்னாலிருந்து என் முதுகைத் தள்ளிவிடுகிறான், போம்வே, போம். அவள் தோளை நீட்டினாள். அழுத்திப் பிடித்துக்கொண்டு இறங்கினேன், இடது முட்டி முதலில், வலது முட்டி உயிரை வாங்கியது. அந்தப் பக்கம் போல்ட்டு குத்தும் மாமா, இப்படி நவுந்துக்கங்க. கல் ஜில்லென்று இருந்தது. உங்க அத்தை இங்கதான், என்றேன். தெரியும் மாமா. நானும் இங்கதான், அத்தைகூட. எப்போ? பொதங்கெழம மத்தியானம். நீங்க தூங்குவீங்க. புதன்கிழமை. சந்தைக்குப் போகிறோம் என்று கிளம்புவார்கள் இரண்டு பேரும். ஒரு முருங்கைக்காயோடு வந்து நிற்பார்கள். இதை வாங்கவா இத்தனை நேரம் என்று எத்தனை தரம் கத்தியிருக்கிறேன். எதுக்கு, என்னத்துக்கு வந்தீங்க? அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சிரிப்பு வருகிற வாயை அடக்கிக்கொண்டு, உங்க கோவம் தணியத்தான், என்றாள். அப்புறம் அந்த நாற்காலியில பைய வச்சது, வேற யாரும் வந்து உக்காந்துரக் கூடாதுன்னு. டப். எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி மடங்கிற்று. நவமணியாகத்தான் இருக்கும். டப், டப். நடைபாதையில் செருப்பில்லாத காலடிகள், சேலைச் சரசரப்பு, யாரோ ஒருத்தர் அம்மா என்று முனகிக்கொண்டு கல்லில் இறங்குகிறார். டப்டப்டப். மைக்கில் பேச்சில்லை. பிரசங்கியாரும் இறங்கிவிட்டாரோ என்னவோ, திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் கழுத்து சுளுக்கும். ஐயரிடம் சொல்ல வேண்டிய ஒரு வரி எங்கே போயிற்று என்று தேடினேன், அகப்படவில்லை. கோபம் இருக்கிறது, போகவில்லை, அது அவ்வளவு சீக்கிரம் போகிற கோபமா, ஆனால் தொண்டையிலிருந்து இறங்கிவிட்டது. கண்ணை மூடினேன். ஆண்டவரே என்றேன். வாய் வந்தது. அடுத்தது என்ன. பொத்தாம்பொதுவாகக் கேட்கக்கூடாது. யாருக்கென்று பேர் சொல்லித்தான் கேட்க வேண்டும். செல்லக்கனிக்கு இனிமேல் நான் கேட்டு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. கிங்ஸ்லிக்கு அப்புறம், அவன் காத்திருக்கட்டும். முதல் பேர் நாக்கு நுனியில் நிற்கிறது, இத்தனை வருஷமும் வீட்டுக்குள் நடமாடியும் நான் வாயைத் திறந்து ஒரு தரம் சொல்லாத பேர். தோள் இன்னும் என் கைக்குக் கீழேதான் இருக்கிறது. சொன்னேன், அவளுக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன். ஜெசிந்தா.